மூன்று தண்ணீரில் கழுவிய உப்பு

ஏழு மான்கள். மலைச்சுனையைச் சுற்றி, தண்ணீரை நோக்கிக் கழுத்தை நீட்டியபடியே செத்துக் கிடந்தன. வாயோரம் வழிந்த நுரை காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. பெண்மான் ஐந்து, ஆண்மான் ஒன்று, கொம்பு முளைக்காத குட்டி ஒன்று. பெண்மான்களில் ஒன்றுக்கு வயிறு நிறைந்திருந்தது. அதையும் சேர்த்தால் எட்டு.

சவுரியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. சாவு வீட்டு வாசலுக்குப் பழகிய கால்கள் தாமாகவே கழற்றிக்கொண்டன.

"தண்ணிக்குன்னு ஓடி வந்திருக்குதுங்க," என்றார் வனவர் கௌதம், குட்டியின் பக்கத்தில் குந்தியபடி. "உள்ள எரிஞ்சிருக்கு. எவனோ வெஷம் வெச்சிருக்கான்."

"எவனோ இன்னா எவனோ சார்? ஊருக்கே தெரியும்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "போன வாரம் கோவிந்தசாமி கத்திட்டுப் போகல? 'உங்க மானுங்களுக்கு ஒருநாளு இருக்குது'ன்னு?"

பத்துத் தலைகள் ஆடின. வனவர் எழுந்தார். அவருடைய பார்வை சுனைக்கு மேலே, பாறை இடுக்கில் வரிசையாக வைத்திருந்த உப்புருண்டைகளின் மேல் போய் நின்றது.

"அந்த உப்பு?"

"அது மூணு வருஷமா வெக்கிறதுதான் சார்," என்று முந்திக்கொண்டாள் ஷர்மிளா. கிராம வனக்குழுவின் செயலாளர் அவள். படித்தவள், எழுதுபவள், பேச்சில் தடுமாறாதவள். "மானு ரோட்டுக்கு எறங்காம இருக்க வெக்கிறோமே, அது."

வனவர் தலையசைத்தார். இறந்த மான்களின் வயிற்றிலிருந்து எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவதாகவும், முடிவு வர வாரங்கள் ஆகும் என்றும் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். அன்று பிற்பகலே கோவிந்தசாமியை, மேய்ச்சலில் இருந்த ஆடுகளை அங்கேயே விட்டுவிட்டு, வனச்சரக அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்தபின் சவுரியம்மாள் மட்டும் பாறை இடுக்குக்குப் போனாள். நக்கி நக்கிப் பாதியாய்த் தேய்ந்த உருண்டை ஒன்றைக் கையில் எடுத்தாள். செம்மண்ணும் உப்பும் பிசைந்து அவள் கையால் பிடித்தது. தேயாத பக்கத்தில் அவளுடைய ஐந்து விரல்களின் தடமும் அப்படியே இருந்தது.

யார் இந்தச் சவுரியம்மாள்? ஊசிக்கல் காலனியின் வனக்குழுத் தலைவி. காலனிக்குப் பின்னால் மலை. முன்னால் ஆம்பூரிலிருந்து நாட்றம்பள்ளிக்குப் போகும் நெடுஞ்சாலை. சாலைக்கு அப்பால் டேனரிகளின் புகைபோக்கிகள். நடுவே நாற்பத்திரண்டு வீடுகள். நாட்டுக்கெல்லாம் செருப்புக்குத் தோல் பதனிட்டுக் கொடுத்துவிட்டு, ஊர்த்தெருவில் தம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்களின் பிள்ளைகள் கட்டிய வீடுகள்.

அவளும் அந்த வேலைக்குப் போனவள்தான். பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன்மேல் உப்பைத் தூவி அடுக்கி, எங்கெங்கிருந்தோ லாரியில் அனுப்புவார்கள். டேனரிக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலை அந்த உப்பை உதறுவது. தோலின் இரு முனைகளையும் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு மரச்சட்டத்தின் மேல் ஓங்கி அடிப்பார்கள். உப்புப் புழுதி எழும். கண்ணில் விழும், மூக்கில் ஏறும், விரலிடுக்கில் புண்ணாகும். பதினெட்டு ஆண்டுகள் அவள் அப்படி உதறினாள்.

அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் உலகம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: நீ நாறுகிறாய். பேருந்தில் அவள் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகும். ஜன்னல் திறக்கும். கைக்குட்டைகள் மூக்குக்குப் போகும். ஆகவே காலனிப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் வேரூன்றியது. வேலை முடிந்ததும் மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும். முதல் தண்ணி கம்பெனிக்கு, ரெண்டாம் தண்ணி ரோட்டுக்கு, மூணாம் தண்ணி வீட்டுக்கு என்பார்கள். புளி தேய்த்து ஒன்று, சோப்புப் போட்டு ஒன்று, வெறும் நீரில் ஒன்று. மூன்றாம் தண்ணீரில் நாற்றம் போய்விடும். நாற்றம் போய்விட்டால் எல்லாம் போய்விட்டது என்று அவர்கள் நம்பினார்கள். நாற்றத்தைச் சொல்லிக் காட்ட ஆயிரம் பேர் இருந்தார்கள். நஞ்சைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்த வாழ்க்கை திசை மாறியது. மலையில் விறகு வெட்டிக்கொண்டும் கண்ணி வைத்துக்கொண்டும் இருந்த காலனியோடு வனத்துறை ஓர் ஒப்பந்தம் போட்டது. காலனிக்காரர்கள் மலையைக் காப்பார்கள், கோடையில் தீ பரவாமல் பார்ப்பார்கள், கண்ணிகளை அறுப்பார்கள். அதற்கு ஈடாக மலையின் சீத்தாப்பழமும் புளியும் கடுக்காயும் அவர்களுக்கு. பெண்கள் ஒருவர்பின் ஒருவராய் டேனரியை விட்டு வெளியே வந்தார்கள். அடிவாரத்தில் தகரக் கொட்டகை எழுந்தது. பருவம் வந்தால் கூடை கூடையாய்ப் பழம் தரம் பிரித்து, ஆம்பூருக்கும் வேலூருக்கும் போகும். மேல்வரிசை மரங்களில் மட்டும் ஒருத்தியும் கை வைக்கமாட்டாள். அது கரடிப் பங்கு. ஒருமுறை ஒருத்தி ஆசைப்பட்டு நாலு பழம் பறித்தபோது, "கரடி வந்து கேட்டா நீயே பதில் சொல்லு" என்று மற்றவர்கள் ஒருவாரம் கேலி செய்தே அவளை அழவைத்தார்கள்.

ஒப்பந்தத்தின் ஏழாவது விதியை மட்டும் குழுவில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். குழுவைச் சேர்ந்த எவராலேனும் விலங்குகளுக்குத் தீங்கு நேர்ந்தால் மலை உரிமை நிறுத்தப்படும். அந்த விதியைக் காட்டித்தான், முயலுக்குக் கண்ணி வைத்த கோவிந்தசாமியைக் குழுவிலிருந்து நீக்கினாள் சவுரியம்மாள். அன்றிலிருந்து அவளைக் கண்டால் அவன் நின்று குனிந்து கும்பிடு போடுவான். "வழிவிடுங்கப்பா, உப்பு உதறுன மகாராணி வர்றாங்க" என்பான்.

இப்போது அந்த விதியே கோவிந்தசாமிக்குக் குழியாகவும் குழுவுக்குக் கேடயமாகவும் நின்றது. அவன் குழுவில் இல்லாதவன். விஷம் வைத்தவன் அவன் என்றால் மலை காலனியிடம் இருக்கும். விஷம் உப்பில் இருந்தது என்றால்?

அந்த உப்பின் கதை இது. இரண்டு கோடைகளாக ஒரு தொண்டு நிறுவனம் மான்களுக்கு உப்பு கொடுத்துவந்தது. மூன்றாம் கோடை பிறந்ததும் திட்டக்காலம் முடிந்துவிட்டதென்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. மானுக்குக் கடிதம் படிக்கத் தெரியுமா? உப்புக்கு நாக்கு ஊறிப்போன மான்கள் மலையை விட்டு இறங்கின. டேனரி வாய்க்கால் ஓரங்களில் வெயிலில் பூத்துக் கிடக்கும் வெள்ளைப் படிவத்தை நக்க நெடுஞ்சாலையைக் கடந்தன. சித்திரையில் மட்டும் மூன்று மான்கள் லாரிகளில் அடிபட்டன.

கடையில் உப்பு வாங்கலாம் என்றாள் ஷர்மிளா. சவுரியம்மாள் சிரித்தாள். மலை மலையாய் உப்பு குவிந்து கிடக்கும் ஊரில் உப்பைப் போய்க் கடையில் வாங்குவதா? பழைய டேனரிக்குப் போனாள். தோலிலிருந்து உதறிய உப்பு முற்றத்து மூலையில் ஆளுயரத்துக்குக் கிடந்தது. முற்றத்து மேஸ்திரி நசீர் அகமது, "இன்னாத்துக்கு சவுரி?" என்று கேட்டார். மானுக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. பத்திரிகையில் படம் வந்த வனக்குழுத் தலைவி, தான் விட்டுப்போன முற்றத்திலேயே வந்து கையேந்துகிறாள் என்று நாளைக்கு ஆம்பூர் முழுதும் சிரிக்குமே!

"தென்னமரத்துக்கு பாய்," என்றாள்.

"எடுத்துட்டுப் போ. எடுக்க ஆளில்லாமதான் கெடக்குது."

வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அழுக்கு, மயிர், ரத்தக்கறை, குடலைப் பிரட்டும் வாடை. அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, பாறைமேல் காயவைத்தாள். மறுபடி கரைத்தாள், வடித்தாள், காயவைத்தாள். மூன்றாம் தண்ணீரில் உப்பு பூப்போல வெளுத்தது. மோந்து பார்த்தாள். வாடையே இல்லை. ஷர்மிளாவின் மூக்குக்கும் நீட்டினாள். "அட, கடை உப்பு தோத்துதுக்கா!" என்றாள் அவள். தன் வாழ்நாளில் முதன்முறையாக அந்த உப்பைக் கண்டு சவுரியம்மாளுக்குப் பெருமையாக இருந்தது.

மான்கள் செத்த மறுநாள் காலை அவள் நசீர் அகமதுவைத் தேடிப் போனாள். அவர் லாரியிலிருந்து இறங்கும் தோல் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பாய், இந்த உப்புல இன்னா கலக்கறாங்க?"

"எந்த உப்பு?"

"நான் எடுத்துட்டுப் போனது."

"தென்னைக்குன்னு எடுத்தியே அதுவா? இன்னா, மரம் பட்டுப்போச்சா?" சிரித்தார்.

"தென்னைக்கு இல்ல பாய். மானுக்கு."

சிரிப்பு அவர் முகத்திலேயே உலர்ந்தது. "யா அல்லா!" என்று முணுமுணுத்து, லாரிக்காரனைக் கையமர்த்திவிட்டு, அவளைச் சுவரோரம் அழைத்துப்போனார்.

"தோலு எங்கெங்கயோ இருந்து வருது. வழியில புழு வெக்காம இருக்கணும்னு சில பேரு உப்போட மருந்தும் கலந்து தூவிடறாங்க. எந்த லோடுல இருக்குது, எதுல இல்லன்னு யாருக்குத் தெரியும்? மாட்டுக்குன்னு வந்து கேக்கறவங்களுக்கு நான் ஒரு புடி தர்றதில்ல. நீ மானுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன்னயும் வெரட்டிருப்பேனே!"

"கழுவினேன் பாய். மூணு தண்ணி கழுவினேன்."

"அந்த மருந்து உப்போடயே கரையும், உப்போடயே காயும், சவுரி. நாத்தம் போவும். அது போவாது."

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். விரலிடுக்குகளில் பழைய புண்களின் வடு வெளுத்துக் கிடந்தது. நசீர் அகமதுவுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வெறுங்கையோடு ஒரு தோலை ஓங்கி அடித்தார்கள். புழுதி எழுந்தது.

"பதினெட்டு வருஷம் இந்தக் கையால உதறினேன். இந்த மூக்கால இழுத்தேன். அப்ப ஏன் பாய் சொல்லல?"

அவர் தம் கைகளை விரித்துக் காட்டினார். அவருடைய நகங்களும் அரித்துப்போனவைதாம்.

"எனக்கு மட்டும் யாரு சொன்னாங்க? நானா பாத்து, நானா கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டது. இந்த வருஷம்தான் போர்டு மாட்டியிருக்காங்க," என்று சுவரைக் காட்டினார்.

மஞ்சள் பலகை. அதில் ஒரு மண்டையோடு. அதற்குக் கீழே பத்து வரிகள். பத்தும் ஆங்கிலத்தில்.

உதறும் கைகளுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது மாட்டியவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பலகை அந்தக் கைகளுக்காக மாட்டப்பட்டதன்று. வந்து பார்வையிட்டுப் போகும் கண்களுக்காக மாட்டப்பட்டது.

அவள் திரும்பி வந்தபோது கொட்டகை வாசலில் கோவிந்தசாமியின் மனைவி முத்துமாரி நின்றுகொண்டிருந்தாள். தலை வாரவில்லை. அழுத முகமும் இல்லை. அழுது முடித்த முகம்.

"யக்கா, நேத்துலேர்ந்து அந்தாள அங்கயே ஒக்கார வெச்சிருக்காங்க. ஒத்துக்கோ, ஒத்துக்கோன்னு ஒரே பேஜாரு. கண்ணி வெச்சாரு, அது உண்ம. நாங்க மொயல் தின்னோம், அதுவும் உண்ம. ஆனா வெஷம் வெக்கிற மனுசன் இல்லக்கா. வூட்ல எலிக்கு மருந்து வெக்கச் சொன்னாலே, 'பாவம்டி, அதுக்கும் குட்டி இருக்கும்'னு சொல்ற ஆளு."

"உக்காரு முத்துமாரி."

"உக்கார வரல. உனக்கும் அவருக்கும் ஆகாது, தெரியும். ஆனா நீ தலைவி. நீ ஒரு வார்த்த சொன்னா விட்ருவாங்க. நாளைக்கு இங்க மீட்டிங்குக்கு ரேஞ்சர் வர்றாராம். அந்தாளையும் கூட்டினு வர்றாங்களாம். எல்லாரு முன்னாடியும் கையெழுத்து வாங்கிட்டு அப்படியே கோர்ட்டுக்காம்."

முத்துமாரி போனதும், உள்ளே கூடைகளை அடுக்குவதுபோல நின்றிருந்த ஷர்மிளா வெளியே வந்தாள்.

"சவுரிக்கா, உன் மூஞ்சியே சரியில்ல. பாய் இன்னா சொன்னாரு?"

சவுரியம்மாள் சொன்னாள். ஷர்மிளா கேட்டு முடித்ததும் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சரி. கேட்டாச்சு. இதோட விடு. மிச்ச உருண்டைங்கள இன்னிக்கே நான் போய் எடுத்துடறேன். வாய மட்டும் தெறக்காதே."

"அந்த மனுசன்?"

"அவன் இன்னா காந்தியா? கண்ணி வெச்சவன்தானே? ஆறு மாசம் உள்ள இருந்துட்டு வருவான். நாப்பத்திரெண்டு வீட்டுக்கு ஆறு மாசத்துலயா முடியும்? ஏழாவது விதி ஞாபகம் இருக்குல்ல? மல போச்சுன்னா எங்க போவோம்? மறுபடி அந்த கேட்டுக்குத்தான். நீ போவியாக்கா? என்னால முடியாது. எங்கம்மா இருமி இருமியே செத்துது. ஒரு வூட்டுக்கு ஒண்ணு போதும்."

"உங்கம்மா எதுல செத்தா, ஷர்மி?"

ஷர்மிளாவுக்காகக் காத்திராமல் சவுரியம்மாளே தொடர்ந்தாள்.

"காசநோய்னு சொன்னாங்க. நானும் நம்பினேன். எனக்கும் அவளுக்கும் ஒரே தோலு. இந்தப் பக்கம் நான் புடிப்பேன், அந்தப் பக்கம் அவ புடிப்பா. எதுல செத்தான்னு இப்பவும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் எவனோ இருந்தான், அவன் சொல்லல. இன்னிக்குப் பூரா அவன நெனச்சுத்தான் என் வயிறு எரியுது. நாளைக்கு நானும் தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தா, நான் யாருடி?"

"நீ எங்க தலைவி," என்றாள் ஷர்மிளா. கண் நிறைந்திருந்தது, குரலில் ஈரமில்லை. "எங்களுக்குத்தான் தலைவி. கோவிந்தசாமிக்கு இல்ல."

மறுநாள் கொட்டகை நிரம்பியிருந்தது. வனச்சரகர் நாற்காலியில், பக்கத்தில் வனவர் கௌதம், ஓரத்தில் இரண்டு நாள் தாடியோடு கோவிந்தசாமி. அவன் சட்டையின் மேல்பித்தான் அறுந்திருந்தது. காலனி முழுதும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வைகளில் ஒரு நிம்மதி இருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான், அவன் நாம் இல்லை என்ற நிம்மதி.

"தலைவியம்மா ஏதாவது சொல்றீங்களா?" என்று வழக்கப்படி கேட்டார் கௌதம்.

சவுரியம்மாள் எழுந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த உருண்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது நான் புடிச்சது சார். வெரல் தடம் இருக்குது, பாத்துக்கோங்க. உப்பு டேனரி உப்பு. தென்னைக்குன்னு பொய் சொல்லி எடுத்தாந்தேன். மூணு தண்ணி கழுவினா சுத்தமாயிடும்னு நெனச்சேன். அதுல மருந்து இருக்குது. ஏழு மானையும் கொன்னது நான். அந்தாளு இல்ல."

கொட்டகையில் ஒரே நேரத்தில் நாற்பது குரல்கள்.

"இன்னாக்கா பேசற நீ?"

"தலைக்கு ஏறிப்போச்சா?"

"சார், அவங்களுக்கு ரெண்டு நாளா ஒடம்பு சரியில்ல சார்!"

கௌதம் கையைத் தூக்கினார். அவர் முகம் வெளிறியிருந்தது. ஐந்து ஆண்டுகள் இந்தக் காலனியோடு மலை ஏறி இறங்கிய மனிதர் அவர். "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. இத எழுதிட்டா அப்புறம் என்னால கிழிக்க முடியாது."

"எழுதுங்க சார். இன்னொண்ணும் எழுதுங்க. அதே உப்ப பதினெட்டு வருஷம் நாங்க மூக்கால தின்னோம். மானு ஏழு செத்ததும் ஜீப் வந்துச்சு, ரேஞ்சர் வந்தாரு, சோதனைக்குப் போச்சு. எங்காளுங்க செத்தப்ப எந்த ஜீப்பும் வரல. மானுக்கு வந்தது தப்புன்னு நான் சொல்லல. அதுங்களுக்கு வரத்தான் வேணும். எங்களுக்கும் வந்திருக்கலாம்னு சொல்றேன்."

"அதுக்கு இதுல எடமில்லம்மா," என்றார் வனச்சரகர். கடுமையாகச் சொல்லவில்லை. காகிதத்தைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

இடமில்லாதது உண்மைதான். அந்தப் படிவத்தில் விலங்கின் பெயருக்குக் கட்டம் இருந்தது. வயதுக்கு, இறந்த இடத்துக்கு, காரணத்துக்குக் கட்டம் இருந்தது. மனிதருக்குக் கட்டம் இல்லை.

கோவிந்தசாமியை விட்டார்கள். அவன் நன்றி சொல்லவில்லை. வாசலைத் தாண்டும்போது அவளுக்கு எதிரே நின்றான். கும்பிடு போடப்போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். போடவில்லை. பித்தான் இல்லாத சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஆடுகளைத் தேடிப் போய்விட்டான்.

உத்தரவு பத்தாம் நாள் வந்தது. மறு உத்தரவு வரும்வரை மலை உரிமை நிறுத்திவைப்பு. கொட்டகைக்குப் பூட்டு. சவுரியம்மாள் மேல் வழக்கு. ஜாமீனில் அவள் வீட்டிலேயே இருந்தாள். அவள் வீட்டுக்கு யாரும் போகவில்லை. குழாயடியில் அவள் குடம் வைத்தால் வரிசை நகர்ந்து இடம்விட்டது. வெளியூர்ப் பேருந்துகளில் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளை விட்டு விலகி உட்கார்ந்தவர்களை அவளுக்குத் தெரியும். சொந்தக் காலனியில், மூக்கைப் பொத்தாமல் விலகுவதை அப்போதுதான் பார்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை, நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பெனி வேனின் ஹாரன் கேட்டது. பதினொரு பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறினார்கள். கடைசியாக ஏறியவள் ஷர்மிளா. திரும்பிப் பார்க்கவில்லை.

சவுரியம்மாளுக்கு வேறொரு வேலை மிச்சமிருந்தது. ஆனியில் மழை பிடித்தால் உருண்டைகள் கரைந்து சுனையில் இறங்கும். வனவரிடம் அனுமதி கேட்டு, கோணியும் மண்வெட்டியுமாக ஏறினாள். மான்கள் அண்டாமல் வனவர் முள்போட்டு அடைத்திருந்த மிச்ச உருண்டைகளைப் பொறுக்கினாள். உப்பு ஊறிய மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி அள்ளினாள். இரண்டாம் நாள், மேலே பாறையில் நிழல் விழுந்தது. கோவிந்தசாமி ஆடுகளைத் தள்ளி நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

"வெறுங்கையிலயா அள்ளுவ? பட்டும் புத்தி வரலியா உனக்கு?"

தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் முன்னால் விட்டெறிந்தான். "கிழிச்சுக் கையில சுத்திக்கோ. திருப்பித் தர வேணாம். மகாராணி தொட்டத நான் தொடமாட்டேன்."

கேலியா, கோபமா, வேறெதுவுமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. மூன்று மூட்டைகள் ஆயின. அவற்றைப் பேருந்து நிற்கும் இடம்வரை தூக்கி வந்து போட்டவனும் அவன்தான்.

பேருந்தில் ஏற்றும்போது நடத்துநர் கேட்டார், "மூட்டைல இன்னாம்மா?"

"உப்பு."

"அவ்ளோதானே? ஓரமா தள்ளி வையி."

பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்தாள். எழவில்லை. ஜன்னல் எதுவும் திறக்கவில்லை. கைக்குட்டை எதுவும் மூக்குக்குப் போகவில்லை. பதினெட்டு ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்த உடம்பைக் கண்டு அன்று விலகியது அந்தப் பேருந்து. இன்று ஏழு மான்களைக் கொன்ற மூட்டைகளோடு தோள் உரச உட்கார்ந்து வந்தது. குழந்தை காலை நீட்டி மூட்டையை உதைத்து விளையாடியது. சவுரியம்மாள் மூட்டையைத் தன் பக்கம் இழுத்து, குழந்தைக்கும் அதற்கும் நடுவே தன் முழங்காலை வைத்து அடைத்துக்கொண்டாள்.

டேனரி கேட்டில் காவலாளி உள்ளே விடவில்லை. நசீர் அகமது வந்தார். மூட்டைகளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"உங்க உப்பு பாய். திருப்பிக் கொண்டாந்திருக்கேன். அந்தக் குவியல்லயே கொட்டிடுங்க."

"முடியாது சவுரி." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "உன் கேசுக்கு அப்புறம் கம்பெனில எழுதிக் குடுத்துட்டாங்க. இங்கேருந்து உப்பு வெளிய போகவே இல்லன்னு. ரிஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்குது. போகாத உப்பு எப்படித் திரும்பி வரும்?"

"அப்ப இத எங்க கொட்டுவேன்? சொல்லுங்க. மண்ணுல கொட்டினா கெணத்துக்குப் போவும். வாய்க்கால்ல கொட்டினா பாலாத்துக்குப் போவும்."

அவருக்குப் பின்னால், திறந்த கதவின் வழியே முற்றம் தெரிந்தது. ஷர்மிளா ஒரு தோலின் முனையைப் பிடித்து ஓங்கி அடித்தாள். வெள்ளைப் புழுதி அவள் தலைக்கு மேல் எழுந்து வெயிலில் நின்றது.

"ஷர்மி!" என்று சவுரியம்மாள் கேட்டுக்கு வெளியே இருந்தபடியே கத்தினாள். "மூக்குல துணி கட்டுடி! எல்லாரும் கட்டுங்கடி! கழுவினா போவாதுடி அது!"

காவலாளி கம்பை நீட்டி அவளைத் தள்ளினான். முற்றத்தில் அடி ஒரு கணம் நின்றது. ஷர்மிளா தோலைக் கீழே விட்டாள். துப்பட்டாவை அவிழ்த்து மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். கட்டிய பின் ஒருமுறை நிமிர்ந்து கேட்டைப் பார்த்தாள். மன்னித்த பார்வை அன்று. குனிந்து, மறுபடி தோலைப் பிடித்தாள்.

இப்போது அந்த மூன்று மூட்டைகளும் சவுரியம்மாள் வீட்டுக்குள், கட்டில் இருந்த இடத்தில், தார்ப்பாயைப் போட்டு மூடி இருக்கின்றன. மழைக்கு வெளியே வைக்க முடியாது. புதைக்க முடியாது. கரைக்க முடியாது. கட்டிலை வாசலில் போட்டுக்கொண்டு அவள் கதவோரத்திலேயே கிடக்கிறாள். வாடை இல்லாத உப்பு அது. ஆட்டுக்குத் தெரியாது, கன்றுக்குத் தெரியாது, தவழ்ந்து வரும் பிள்ளைக்கும் தெரியாது. கோவிந்தசாமியின் ஆடுகள் மேய்ச்சல் முடிந்து அந்த வழியாகத் திரும்பும்போது ஒன்றிரண்டு கழுத்தைத் திருப்பும். அவள் எழுந்து, கதவை மறித்து நின்று, கையைத் தட்டி விரட்டுவாள்.

மலைமேல் சீத்தாமரங்கள் காய்பிடிக்கத் தொடங்கிவிட்டன. இந்த ஆண்டு மேல்வரிசை, கீழ்வரிசை என்று எதுவும் இல்லை. மலை முழுதும் கரடிப் பங்கு.